இரத்தத்தில் நாகம் குறைவு

மகன்,

நீ அனுப்பிய இரண்டாவது பொதியும் வந்து சேர்ந்தது. முதலாவது பொதியில் வந்த புட்டிகள் மூடி திருகப்படாமல் அலுமாரிக்கு மேலே நிற்கின்றன. இவையும் போய் அவற்றுக்குத் துணையாக நிற்கட்டும். அம்மா ஒரு புட்டியின் வெளிப்பெட்டியில் அச்சடித்திருந்த குளிசையின் படத்தை எனக்குக் காட்டினாள். உண்மை அளவு என்று போட்டிருக்கிறார்களாம். புளியங்கொட்டை அளவு இருக்கிறது. நான் இப்போது சோற்றை மசித்து, கஞ்சியாகக் கரைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிற ஆள். தொண்டை அடைத்துக் கிடக்கிற தகப்பனுக்கு விழுங்குவதற்குப் புளியங்கொட்டை அனுப்புகிற அறிவை நீ கனடாவில் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாயோ தெரியாது. அங்கே இன்னும் இடம் இருந்தால் சொல்லு, உன் பெரியம்மாவையும் சேர்த்துவிடலாம். இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து படிக்கக்கூடியவர்கள்தான்.

போனில் சொல்லலாமே, ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். போனில் நீ கேட்பதில்லை. நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதன் வாலை நீ பிடித்துக்கொண்டு ஓடுகிறாய். அதோடு வருகிற கிழமை எனக்குக் கரண்ட் பிடிக்கத் தொடங்குகிறார்கள். கதிர்ச் சிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறது, ஆனால் இங்கே எல்லாரும் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள். பிடிக்கப் பிடிக்கத் தொண்டை புண்ணாகும், சில காலம் பேச ஏலாமலும் போகலாம் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். வாய் ஓய்வதற்கு முன்னம் உன்னைத் திட்டவேண்டியதை ஒழுங்காகத் திட்டி முடிக்கவேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதை நீ மட்டும் வாசிக்காமல் உன் கூட்டாளிகளுக்கும் வாசித்துக் காட்டு. செட்டிபாளையத்தில் பிறந்து, குளிர் நாட்டில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கிற தகப்பன்மாருக்குப் போனில் வைத்தியம் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இது.

என் தொழில் உனக்கு மறந்திருக்காது, என்றாலும் உன் கூட்டாளிகளுக்காகச் சொல்கிறேன். வாவிக்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன் நான். தோணி வந்து கூடையைக் கரையில் சாய்த்ததும் என் வாய் திறக்கும். தெருவால் போகிற பஸ்காரனுக்கும் கேட்கிற சத்தம் அது. ஏலத்தில் வாயைத் திறந்து கேட்கிறவன் குறைவு. ஒருவன் புருவத்தை அசைப்பான், ஒருவன் மூக்கைச் சொறிவான், ஒருவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கன்னத்தை உள்ளே இழுப்பான். யார் இன்னும் ஏறுவான், யார் நிற்கப்போகிறான் என்பதை முகத்தில் பார்த்துத்தான் கூறவேண்டும். கூறுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என் கன்னத்துக்குள் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் இருக்கும். அதோடு படுத்திருக்கிறேன், அதோடு எழும்பியிருக்கிறேன். பிறகு ஒருநாள் சத்தம் கரகரத்தது. சளித் தடிமன் என்றார்கள். பிறகு சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே ஒரு துண்டு வெட்டி எடுத்து, தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். எனக்கு அதில் பெரிய அதிசயம் ஒன்றும் இருக்கவில்லை. பயம் இருந்தது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதிசயமெல்லாம் நீ அனுப்பிய செய்தியோடுதான் தொடங்கியது. குடும்பத்து வாட்ஸப்பில் போட்டிருந்தாய். இரத்தத்தில் நாகம், செலீனியம், உயிர்ச்சத்துகள் குறைவதற்கும் தொண்டைப் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று ஆராய்ச்சி சொல்கிறதாம். அதற்குக் கீழே ஒரு வெள்ளைக்காரன் வெள்ளைக் கோட்டுப் போட்டுச் சிரிக்கிற படம். அதற்கும் கீழே நீ இப்போது பகுதிநேரமாக ஆட்களைச் சேர்த்து விற்றுக்கொண்டிருக்கிற அந்தச் சத்துக் குளிசைக் கொம்பனியின் பூப்போட்ட அடையாளம். அப்பாவின் இரத்தத்தில் நாகத்தின் அளவை உடனே பார்க்கச் சொல்லி நீ நெருக்கினாய். டவுனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் போய்க் கொடுத்தோம். நாகம் குறைவு என்று முடிவு வந்தது. இனி இந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேள்.

நாகம் என்றால் தகரத்துக்குப் பூசுகிற துத்தநாக உலோகம் என்று எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. நான் அந்தளவுக்காவது படித்தவன். உன் பெரியம்மா அந்தப் பாடத்துக்கு வருவதற்கு முன்னமே பள்ளிக்கூடத்தை விட்டவள். நாகம் என்றால் அவளுக்கு ஒரே ஒரு நாகம்தான், அது படமெடுக்கும். செய்தியை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். நாகம் குறைவதற்கும் புற்றுக்கும் தொடர்பு. வாசித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏனென்றால் எங்கள் வளவின் கடைசியில், வேலியோரம், ஒரு புற்று இருந்தது. போன முறை நீ வந்தபோது, உன் கனடாக் குண்டி இங்கத்தைய கக்கூசில் குந்தாது என்று புதிதாக ஒன்று கட்டினோமே, அதற்கு அத்திவாரம் வெட்டும்போது அந்தப் புற்றில் பாதியை நான்தான் மண்வெட்டியால் தட்டினேன். புற்றைத் தட்டினான், நாகம் போய்விட்டது, நாகம் போனதால் புற்று தொண்டைக்குள் வந்துவிட்டது. கணக்குச் சரியாக வந்ததில் அவளுக்கு அவ்வளவு திருப்தி.

அந்த இடத்தில் யாராவது ஒரு படித்தவன் இரண்டு சொல்லுச் சொல்லியிருந்தால் போதும். படித்தவன் என்று எங்களுக்கு இருக்கிறது நீதானே. பெரியம்மா உனக்கு வீடியோவில் எடுத்தாள். நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். நீ காருக்குள் இருந்தாய், கையில் எப்போதும் போல அந்த மூடி போட்ட கடதாசிக் கோப்பை.

"நாகந்தானா மகன் காரணம்?" என்று கேட்டாள்.

"ஓம் பெரியம்மா, நாகம்தான். கவனிக்காம விட்டதால குறைஞ்சு போயிட்டு. அதத் திருப்பிக் கொண்டு வந்தா புற்றுத் தன்னால கரைஞ்சிடும். கரண்ட் ஒண்டும் பிடிக்கத் தேவையில்ல."

இதுதான் நீ சொன்னது. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. நீ உலோகத்தைச் சொன்னாய், அவள் பாம்பைக் கேட்டாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு போனை வைத்தீர்கள். நான் சிரித்தேன். சிரித்ததால் இருமல் வந்து, இருமலில் இரத்தம் வந்தது. பெரியம்மாவை நான் குறைசொல்லமாட்டேன். அவள் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நினைத்து, தெரிந்தவனிடம் கேட்டாள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னவன் நீ. உங்கள் இரண்டு பேரில் யார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவேண்டியவர் என்று நீயே யோசித்துப் பார்.

அதற்குள் இன்னொரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. தொண்டையில் துண்டு வெட்டிய நாளில் இருந்து எனக்குப் பத்தியம். வெட்டின இடம் காயம், காயத்துக்குக் கிரந்திச் சாப்பாடு கூடாது. இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, சூரை மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, கத்தரிக்காய்கூடக் கிரந்தி. தின்றால் புண் ஆறாது, சீழ்ப்பிடிக்கும். உன் அம்மாவுக்கு நான் புருசனாக வந்த நாளில் இருந்து எந்த விசயத்திலும் அவள் இவ்வளவு உறுதியாக நின்றதில்லை. வாவி வாசலில் கிடக்கிறது. என் வாயால் ஏலம் கூறிய இறால் ஊரெல்லாம் வேகிறது. காற்று அந்தப் பக்கம் இருந்து அடித்தால் வாசனை வீட்டுக்குள் வருகிறது. எனக்கு வெறும் கஞ்சி. காத்தான்குடியில் இருந்து வருகிற இறால் வியாபாரி, எத்தனையோ வருசம் என்னோடு கரையில் சண்டை பிடித்த மனிதன், என்னைப் பார்க்க வரும்போது பெரிய இறாலாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கினாள். அவர் தெருமுனை திரும்பவில்லை, பை அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அன்று பின்னேரம் அந்த வீட்டில் பொரித்த மணத்துக்கு நான் கட்டிலில் கிடந்து அழுதேன். புற்றுநோய் என்ற வருத்தத்துக்கு அழாதவன் இறாலுக்கு அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

சாறன் இடுப்பில் நிற்காமல் போனது. கரண்ட் பிடிக்கிற நாள் குறிக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்குத்தர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். நல்ல பிள்ளை, வயது உன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்த உடம்பு கரண்டைத் தாங்காது, தொடங்க ஏலாது என்றார். சாப்பிடாவிட்டால் மூக்கால் குழாய் விடவேண்டும், அதற்கும் பிந்தினால் கட்டி பெருத்துவிடும் என்றும் சொன்னார். அந்த நேரம் எனக்கு உன் செய்தி ஞாபகம் வந்தது. அம்மாவிடம் போனை வாங்கி, உன் வெள்ளைக்காரனைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கடைசிவரை வாசித்தார்.

"உங்கட மகன் அனுப்பினது முழுக்கப் பொய்யில்ல ஐயா. இந்த வருத்தக்காரர் கனபேருக்கு இதெல்லாம் குறைவாத்தான் இருக்கும். ஆனா, குறைஞ்சதால வருத்தம் வந்ததா, இல்ல வருத்தத்தால விழுங்க ஏலாமக் குறைஞ்சதா எண்டு இந்த ஒரு வரிய வைச்சுச் சொல்ல ஏலாது. இன்னும் ஆராய்ஞ்சுகொண்டுதான் இருக்கிறாங்க. வெத்திலைப் புகையிலை என்ன செய்யும் எண்டது மட்டும் நல்லாத் தெரியும். நீங்க முதல்ல முட்டையும் மீனும் சாப்பிடுங்க."

உன் புட்டிகளைப் பற்றியும் கேட்டேன். தன்னிடம் கேட்காமல் ஒன்றையும் விழுங்கவேண்டாம், சிலது கரண்ட் பிடிக்கிற காலத்தில் குறுக்கே நிற்கக்கூடும் என்றார். தேவையானால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். பத்து நிமிசத்தில் பேசி முடித்த கதை இது. இதை விளங்கிக்கொள்ள வெள்ளைக் கோட்டு வேண்டாம், மகன். தோணி கரைக்கு வராவிட்டால் சந்தையில் மீன் இருக்காது. நீ வெறும் சந்தையைப் பார்த்துவிட்டு, மீன் இல்லாததால்தான் தோணி வரவில்லை என்கிறாய். பிறகு சந்தையில் கொஞ்சம் தகரத்தில் அடைத்த மீனைக் கொண்டுவந்து அடுக்கினால் தோணி தானாக வரும் என்றும் சொல்கிறாய். அந்தத் தகரமீனை விற்கிறவனும் நீயே. சத்துக் குறைந்தவனை இந்த வருத்தம் சுலபமாகப் பிடிக்கும் என்றுகூட நாளைக்கு ஆராய்ச்சிக்காரர் கண்டுபிடிக்கலாம். அது அவர்கள் வேலை, அவர்கள் ஒழுங்காகச் செய்யட்டும். ஆனால் 'தொடர்பு உண்டு' என்று அவர்கள் பயந்து பயந்து எழுதினதை 'இதுதான் காரணம், இதுதான் மருந்து' என்று கூவுகிறாயே, அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். மீன் ஏலம் கூறுகிற நான்கூட நேற்றைய மீனை இன்றைய மீன் என்று கூறினது கிடையாது.

வீட்டுக்கு வந்து முட்டையும் மீனும் தின்னச் சொன்னதைச் சொன்னேன். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள்.

"டாக்குத்தருக்குக் கிரந்தியப் பத்தி என்னகா தெரியும்? அதுகள் இங்கிலீசில படிச்ச புள்ளையள்" என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள்.

அதோடு முடியவில்லை. நீ போனில் கட்டளை இட்டிருந்தாய் அல்லவா, நாகத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி. அவள் புற்றைச் சுற்றிக் கூட்டி, மஞ்சள் தண்ணி தெளித்து, ஒவ்வொரு நாளும் விடிய நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைக்கத் தொடங்கினாள். ஒரு கிண்ணம் பசுப்பால், ஒரு ஊர்க்கோழி முட்டை. நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் புற்றில் பாம்பு குடியிருந்த காலத்தை நான் காணவில்லை, ஒரு கீரி அடிக்கடி போய்வரும். யாரும் இல்லாத புற்றுக்குப் பாலும் முட்டையும். அதே வீட்டில், அதே காலையில், பட்டினியால் சாகக் கிடக்கிற மனிதனுக்கு உப்புக் கஞ்சி. புத்தியை எல்லாரும் கூடி எங்கே அடகு வைத்தார்களோ என்று நினைத்தேன். உன்னையும் நினைத்தேன். அந்தப் பாலை வைக்கச் சொன்னது நீதான்.

ஒருநாள் பெரியம்மா கும்பிட்டுவிட்டுக் குசினிக்குப் போனதும் நான் எழும்பிப் போனேன். வேலியைப் பிடித்துப் பிடித்துத்தான் போனேன். குந்தியிருந்து முட்டையைக் கல்லில் தட்டி வாய்க்குள் விட்டேன். கஞ்சிகூடக் கிழித்துக்கொண்டு இறங்குகிற தொண்டையால் அது வழுக்கிக்கொண்டு போனது. பிறகு பால். அது வலித்தது, ஆனால் போனது. சாமிக்கு வைத்ததைத் தின்கிறோமே என்ற பயம் எனக்கு வரவில்லை. நாகதம்பிரான் இருந்தால், பசித்தவன் தின்றான் என்று விட்டுவிடுவார். இல்லாவிட்டால் பேச்சே இல்லை. அன்று மத்தியானம் வரை வயிற்றில் ஏதோ ஒன்று இருக்கிற சந்தோசம் இருந்தது. நான் அதை எத்தனையோ நாளாக மறந்திருந்தேன்.

பெரியம்மா வெறும் முட்டைக்கோதையும் கிண்ணத்தையும் கண்டு போட்ட சத்தம் கோயிலடி வரை கேட்டிருக்கும். நாகம் வந்துவிட்டது. அடுத்த நாள் முட்டை இரண்டாயிற்று. அதற்கு அடுத்த கிழமை கதலிப்பழமும் சேர்ந்தது, அதையும் நாகம் பாலில் பிசைந்து தின்றது. பாம்பு பழம் தின்னுமா என்று ஒரு மனிசர் கேட்கவில்லை. ஒரு தரம் இறால் சொதியும் வைத்துப் பாருங்க மச்சாள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நாகம் திரும்பி வந்ததை அவள் உனக்குப் போனில் சொன்னாள். நீயும் சந்தோசப்பட்டு, குளிசையை விடாமல் கொடுக்கச் சொன்னாய். உங்கள் இரண்டு பேரின் சம்பாசணையை யாராவது நாடகமாகப் போட்டால் நான் முன்வரிசையில் இருந்து பார்ப்பேன்.

பிறகு ஒரு காலை நான் முட்டையைத் தட்டக் கையை ஓங்கும்போது பின்னால் ஆள் நிற்கிற உணர்வு. திரும்பினால் உன் அம்மா. கையில் வளவு கூட்டுகிற ஈர்க்குக்கட்டு. அவள் முட்டையைப் பார்த்தாள், என் கழுத்தெலும்பைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் மெலிந்ததை அவள் அன்றுதான் கண்டவள்போல நின்றாள். அவள் ஏசவில்லை, சாமிக் குற்றம் என்று சொல்லவில்லை.

"பச்சையாக் குடியாதீங்க. வயித்தால போகும். நான் அரை அவியலா அவிச்சு வைக்கிறன்" என்றாள். கொஞ்சத் தூரம் போய்விட்டு, "அக்காக்குச் சொல்லாதீங்க" என்றாள்.

அன்றில் இருந்து உன் பெரியம்மா வைக்கிற முட்டை அவித்த முட்டை. கூடையில் இருந்து எடுத்துக் கொடுப்பது அம்மா என்பதால் பெரியம்மாவுக்குத் தெரியாது. நாகம் அதைப் பாலில் மசித்துத் தின்கிறது. கொஞ்ச நாளில் அம்மா கதவைச் சாத்திவைத்துத் திரளி மீனை அவித்து, முள் எடுத்து, அரைத்து, வடித்துத் தந்தாள். பிறகு இறாலும் வந்தது. காயம் சீழ்ப்பிடிக்கவில்லை. அவள் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. ஒவ்வொரு கரண்டிக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பயத்தோடுதான் ஊட்டினாள். என் சீவியத்தில் நான் கண்ட பெரிய துணிச்சல் அதுதான். உன் கொம்பனியில் அதைப் புட்டியில் அடைக்க மாட்டார்கள்.

போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடம்பு ஏறியிருக்கிறது, இரத்தம் தேறியிருக்கிறது, தொடங்கலாம் என்று டாக்குத்தர் நாள் தந்தார். எனக்கு நிம்மதி. இந்த வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பெரியம்மா நாகதம்பிரானுக்குப் பொங்கினாள். பொங்கட்டும், அவள் பால் என்னைக் காப்பாற்றியது உண்மைதான், விலாசம்தான் பிழை. ஆனால் நீ செய்த வேலை இருக்கிறதே. என் படத்தை, நான் சாறனைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை, உன் கொம்பனியின் பூவுக்குப் பக்கத்தில் போட்டு, என் அப்பாவின் இரத்தத்தில் சத்துகள் ஏறிவிட்டன, நீங்களும் வாங்குங்கள் என்று உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாய். கொக்கட்டிச்சோலையில் இருந்து ஒருவர் அம்மாவுக்குப் போன் எடுத்து, தன் மனிசிக்கும் இதே வருத்தம், அந்தக் குளிசை எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? மகனிட்டக் கேளுங்க என்று சொல்ல வாய் வராமல், முட்டை குடுங்க, டாக்குத்தரிட்டக் காட்டுங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்தப் படத்தை எடுக்கிறாயோ, விடுகிறாயோ, அது உன் மானம். இருந்தால் எடுப்பாய். ஆனால் அந்த மனிசி குளிசையை நம்பிக் கரண்டைத் தள்ளிப்போட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்று ஒருநாள் உனக்கு விளங்கும்.

இனி நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். மேலே எழுதினதெல்லாம் கோபம். கோபம் வரச் செய்ததற்கு உன்னை நான் மன்னித்துவிடலாம், பிள்ளைகள் விசராட்டம் ஆடுவதும் தகப்பன் ஏசுவதும் புதிதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாயே. கரண்டை நிறுத்தச் சொல்லி என்னோடு நீட்டிப் பேசினாய். நான் பதில் பேசாமல் இருந்ததை நீ எனக்குக் களைப்பு என்று நினைத்திருப்பாய். களைப்பில்லை. நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கிறதுதானே என் தொழில்.

அந்தக் கடதாசிக் கோப்பை. நான் இவ்வளவு நாளும் கோப்பி என்று நினைத்தேன். நீ அதை வாய்க்குக் கொண்டுபோகிறாய், ஆனால் உன் தொண்டை அசைவதில்லை. விழுங்க ஏலாதவன் கண் அடுத்தவன் விழுங்குவதைத்தான் முதலில் பார்க்கும், மகன். நீ ஒருதரமும் விழுங்கவில்லை. கோப்பையை இறக்கும்போது உன் கீழ்ச்சொண்டு சிவப்பாக இருந்தது. 'செலீனியம்' என்று சொல்ல வந்தபோது நாக்கு ஒருபக்கம் ஒதுங்கி, ஏதோ ஒன்றைக் காவல் காத்துக்கொண்டு பேசியது. இடது கன்னம், கடைவாய்ப் பல்லுக்குக் கீழே. நானும் அந்தப் பக்கம்தான் வைப்பேன். அங்கே தமிழ்க் கடைகளில் பாக்குப் பக்கட் தொங்குகிறது என்று ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் புகையிலை கலந்ததும் இருக்கிறதாம். எங்கே பழகினாய் என்று நான் கேட்கமாட்டேன். சின்ன வயதில் என் வட்டாவில் இருந்து வெற்றிலை எடுத்துச் சுண்ணாம்பு தடவித் தந்தது உன் கைதான்.

இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டி என்று சொன்ன நாளில்கூட இவ்வளவு பயம் இருக்கவில்லை. வாய்க்குள் அதை அதக்கிக்கொண்டு, தொண்டைப் புற்றுக்குக் காரணம் கண்டுபிடித்து எனக்கு நீ விளக்கம் சொல்கிறாய். உன் இரத்தத்தில் ஒன்றும் குறைந்திருக்காது. நாகம் நிறைய இருக்கும், செலீனியம் நிறைய இருக்கும், உன் கொம்பனிக் குளிசை எல்லாவற்றையும் நீ விழுங்கியிருப்பாய், விழுங்க உனக்குத் தொண்டை இருக்கிறது. வாயைக் கண்ணாடியில் திறந்து பார். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத இடம் ஏதாவது இருந்தால் நாளைக்கே டாக்குத்தரிடம் போ. இல்லாவிட்டாலும் போ. எனக்கு இனிப் புட்டி அனுப்பாதே, போனில் வைத்தியம் சொல்லாதே. வருகிற கிழமைக்குப் பிறகு நான் பேச ஏலாமல் கிடக்கிறபோது நீ வீடியோவில் வரவேண்டும், வாயைப் பெரிதாகத் திறந்து எனக்குக் காட்டவேண்டும். அவ்வளவுதான் எனக்கு நீ செய்கிற மருந்து.

ஊரே கேட்கக் கூவின வாய் இது. இதில் இன்னும் ஒரு கூவல் மிச்சம் இருக்கிறது. அதை உனக்காகத்தான் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வாசிக்கும்போதும் உன் இடது கன்னத்துக்குள் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

துப்பு, மகன்.

அப்பா